அரை நொடி முன்னால்

வலியசாலையில் இறங்கி விஜயத்தின் வீட்டைக் கேட்டால், "யாரு, ரெண்டு வயலின் விஜயமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தலையாட்டினால் போதும், ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுபோய் விடுவார். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி தோளுக்கொன்றாக இரண்டு வயலின் பெட்டிகளை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவது அந்தத் தெருவுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. ஒரே பெட்டியோடு போனால்தான் நிறுத்தி, "இன்னைக்குக் கச்சேரியா, ஹோட்டலா?" என்று விசாரிக்கிறார்கள்.

ஒன்று கர்நாடக சங்கீதத்துக்கு. பாடுகிறவரின் சுருதிக்குத் தக்கபடி தந்திகளைத் தளர்த்திக் கட்டியது. மற்றது மேல்நாட்டுக்காரர்கள் கட்டுகிற முறையில் கட்டியது. ஒரே வயலினைத் தினமும் இப்படியும் அப்படியும் திருகினால் தந்தி தாங்காது, காதும் தாங்காது. "ஒரு ஆளுக்கு என்னத்துக்குட்டீ ரெண்டு வயலினு?" என்று கணவர் பகவதிப்பெருமாள் அவ்வப்போது கேட்பார். நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "வாசிக்க ஒரு கண்ணாடி, தெருவைப் பாக்க ஒரு கண்ணாடின்னு நீங்க வச்சிருக்கியள்ளா, அதுமாதிரியாக்கும்" என்பாள் விஜயம். அவர் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வார்.

விஜயத்தின் அப்பா சுசீந்திரத்துக்காரர். தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா வேலை கிடைத்து இங்கே வந்தவர். மகள் இசைக் கல்லூரியில் வயலினில் முதலாவதாகத் தேறினாள். தனியாக மேடையேறி வாசிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருபத்திரண்டு வயதுவரை இருந்தது. அப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அந்தக் குழந்தையின் பள்ளிக்கூடம் என்று வந்ததில் ஆசை தானாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கிற ஆளில்லை அவள். பக்கவாத்தியம் வாசிக்கப் போனாள். போன இடத்தில் ஸ்ரீவராகம் பார்வதியம்மாள் கிடைத்தார்.

பார்வதியம்மாளுக்கு இப்போது எழுபத்தொரு வயது. தோடி ராகத்தை அவர் எடுத்தால் சபையில் விசிறிக்கொண்டிருப்பவர்கள் விசிறியை மடியில் வைத்துவிடுவார்கள். கோபமும் அதே அளவுக்கு உண்டு. மேடையில் காகிதம் பார்த்துப் பாடுகிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. "பாட்டு நெஞ்சில இருக்கணும். மடியில விரிச்சு வச்சுக்க அது என்ன மளிகை லிஸ்டா?" என்று ஒரு விழாவில் மைக்கிலேயே சொல்லி, முன் வரிசையில் இருந்த இரண்டு பாடகர்களை ஜென்ம விரோதிகளாக்கிக்கொண்டவர். அவருக்கு இடப்பக்கம் விஜயம் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்கு ஒரு தர்மம் இருக்கிறது. பாடுகிறவரின் வாலைப் பிடித்துக்கொண்டு வயலின் போக வேண்டும். அதிகப்பிரசங்கியாக முன்னால் ஓடக் கூடாது, தூங்கி வழிந்து பின்தங்கவும் கூடாது. பாடுகிறவருக்கு எங்காவது வரி தட்டினால் அந்த இடத்தை வயலின் வாசித்து மூடிவிட வேண்டும். சபைக்குத் தெரியக் கூடாது. கச்சேரி முடிந்து காபி குடிக்கும்போதும் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை, ஆனால் தெரியாத வயலின்காரர் யாருமில்லை. விஜயம் இந்த தர்மத்தில் கெட்டிக்காரி. அதுதான் வம்பாகிப் போனது.

கொரோனாவில் கச்சேரிகள் நின்று, பிறகு மெல்ல ஊர் திறந்தபோது யூசுப் அவளைத் தேடி வந்தான். தம்பானூரில் அவன் அப்பா டீக்கடை வைத்திருந்தார். பூர்வீகம் மேலப்பாளையம். கானமேளாக் குழுவில் கீபோர்டு வாசித்து ஆரம்பித்தவன், மேல்நாட்டு கிளாசிக்கல் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி, உல்லாசக் கப்பலில் எட்டு வருஷம் பியானோ வாசித்து, ஜாஸையும் ராக்டைமையும் அங்கே கற்றுக்கொண்டு திரும்பியிருந்தான். வயது நாற்பது. கோவளத்தில் ஒரு ஹோட்டலில் சனி, ஞாயிறு மாலைகளில் தேநீர் நேரத்துக்கு அவனும் பேஸ் கிதார்காரன் மகேஷ்குமாரும் வாசித்தார்கள். மூன்றாவதாக ஒரு வயலின் தேவைப்பட்டது.

"சேச்சி, நோட்டு படிக்க நான் சொல்லித் தரலாம். காது இருக்கே, அதை ஆராலயும் சொல்லித் தர ஒக்காது. உங்களுக்கு அது உண்டு" என்றான்.

முதல் நாள் கூத்தை அவன் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறான். ஜாஸில் ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் தன் முறைக்குத் தனியாகப் பேச வேண்டும். யூசுப் எட்டுச் சுற்று வாசித்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தான். விஜயம் அவன் வாசித்ததை ஒரு பொடி சிந்தாமல் அப்படியே திருப்பி வாசித்தாள், நம் ஊர் கமகம் கொஞ்சம் தூவி. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு எட்டுச் சுற்று வாசித்துத் தலையசைத்தான். அதையும் வாசித்துக் கொடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி இதை ஏதோ விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"சேச்சி, நான் உங்ககிட்ட வர்த்தமானம், உங்க சொந்தப் பேச்சு கேட்டேன். நீங்க என் வர்த்தமானத்தையே எனக்குத் திரும்பச் சொல்றீங்களே" என்றான் யூசுப் இடைவேளையில்.

"நீ முன்னால போனா நான் பின்னால வரணும்ல்லா? எனக்கு அதுதானப்பா தெரியும்" என்றாள் அவள்.

ராக்டைம் மட்டும் அவளுக்கு முதல் தடவை கேட்டதுமே பிடித்துப்போனது. பியானோவில் யூசுப்பின் இடது கை தாளத்தைச் சலிக்காமல் போட்டுக்கொண்டிருக்கும். வலது கை அந்தத் தாளத்துக்குக் கட்டுப்படாமல், அடி விழுவதற்கு அரை நொடி முன்னாலேயே குதித்துவிடும். தாளத்தை முந்திக்கொண்டு பாட்டைத் தொடங்குவது நம்மிடமும் உண்டு என்பதால் அது அவளுக்குப் புதிதாக இல்லை. அவள் தொடையில் தாளம் போட்டுக் காட்டியபோது யூசுப் எழுந்து நின்று கும்பிட்டான். ஆனால் தன் முறைக்குத் தனியாகப் பேசுவது மட்டும் வரவில்லை. நான்கு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு சொந்த வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றையே மாற்றி மாற்றி வாசித்துச் சமாளித்தாள்.

இந்த யூசுப்தான் சென்ற அக்டோபரில், அவள் கூப்பிட்டாள் என்பதற்காக, பார்வதியம்மாளின் கச்சேரிக்கு வந்தான். பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தான். மறுநாள் சனிக்கிழமை, ஹோட்டலில் அவள் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"சேச்சி, ஒண்ணு கேட்டா தேஷ்யம், கோபம் வருமோ?"

"கேளு."

"பக்கவாத்தியம் பின்னால போகணும்ன்னு நீங்க நூறு தடவை சொல்லியிருக்கீங்க. இன்னலே நீங்க பின்னால போகல. பாட்டு தொடங்கின பிறகு ஓரோ வரியும் முதல்ல உங்க வில்லுதான் தொட்டது. அரை செகண்ட் இருக்கும். அதுக்குப் பிறகுதான் அம்மா வாயைத் திறக்கிறாங்க. ராகம் பாடினப்போ அப்படி இல்ல, கேட்டோ. வார்த்தை வர்ற இடத்தில மட்டும்."

"உனக்கென்ன தெரியும் கச்சேரியைப் பத்தி?" விஜயத்துக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"கச்சேரி ஒண்ணும் தெரியாது. ஆரு முன்னால, ஆரு பின்னாலன்னு கேக்கறதுதான் சேச்சி என் ஜோலி" என்றான் அவன்.

அன்றைக்கு அவள் மோசமாக வாசித்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரியாதது போல நடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தெரியாமலா இருந்தது? இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காம்போதிக் கீர்த்தனையில் பார்வதியம்மாள் சரணத்தின் முதல் சொல்லுக்கு வாயைத் திறந்து, சொல் வராமல் நின்றார். விஜயத்தின் வில் தானாக அந்த மெட்டைத் தொட்டது, மெட்டைக் கேட்டதும் சொல் வந்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டு இடம். அதற்கடுத்து ஐந்து. பிறகு அவள் எண்ணவில்லை. தடுமாறட்டும் என்று காத்திருப்பானேன் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு மயிரிழை முன்னாலேயே போகத் தொடங்கினாள். மூடுவதில் அவளுக்கிருந்த கெட்டிக்காரத்தனத்தால் சபைக்குத் தெரியவில்லை, மிருதங்கக்காரருக்குத் தெரியவில்லை. பாடியவருக்கே தெரியவில்லை என்பது அந்தப் பஸ்ஸில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் பயந்து போனாள்.

வீட்டில் சொன்னாள். பகவதிப்பெருமாள் வழக்கமான கிண்டலை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லாம இருந்தா என்ன? பாடட்டுமே பாவம்" என்றார்.

"சீக்கா இருந்தா? காட்ட வேண்டிய நேரத்தில டாக்டர்ட்ட காட்டாம, நான் பாட்டுக்கு வாசிச்சு வாசிச்சு மறைச்சிட்டு இருக்கேனே."

"சொன்னா ஒன்ன அவிய பக்கத்தில இருத்துவாவளா?"

இருத்த மாட்டார் என்று விஜயத்துக்குத் தெரியும். பார்வதியம்மாள் பக்கத்தில் உட்காராத விஜயம் யார் என்பது அவளுக்கே தெரியாது.

டிசம்பரில் கோட்டைக்குப் பக்கத்துச் சபா ஒன்றில் பார்வதியம்மாளின் மேடை வாழ்க்கைக்கு ஐம்பது வருஷ விழா வைத்திருந்தார்கள். அதற்கு ஒத்திகை பார்க்க, நவம்பரில் ஒரு மத்தியானம் விஜயம் ஸ்ரீவராகம் போனாள். பார்வதியம்மாளின் மகள் ஷைலஜா காபி கொடுத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். சுருதிப் பெட்டி பாடத் தொடங்கியது. தோடி ஆலாபனை அப்பழுக்கில்லாமல் வந்தது. கீர்த்தனை தொடங்கியதும் விஜயம் ஒரு காரியம் செய்தாள். முன்னால் போகாமல், இருபத்தாறு வருஷத்துக்கு முன் கற்ற மாதிரி, வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

பல்லவி தப்பித்தது. அனுபல்லவியில் பார்வதியம்மாள் நின்றார்.

"என்னடி, தூங்கறயா? வயலின் இழுக்கறது."

மறுபடி எடுத்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"விஜயம், உனக்கு உடம்பு சரியில்லையா? நீ லேட்டாக்கும். இப்படியா வாசிப்பே? உன்னால எனக்கு வரி தடுக்கறது பார்."

விஜயம் வில்லைக் கீழே வைத்தாள். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மாமி, நான் லேட் இல்ல. இதுதான் என் இடம். ரெண்டு வருஷமா நான் முன்னால போயிட்டு இருந்தேன். உங்களுக்கு வரி மறக்குது மாமி. நான் மெட்டை எடுத்துக் குடுத்துட்டே இருந்தேன். சொல்லிருக்கணும், சொல்லல. தப்பு என் மேலயாக்கும்."

பார்வதியம்மாள் சுருதிப் பெட்டியை அணைத்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் விஜயம் தாங்கியிருப்பாள். அவர் கத்தவில்லை.

"ரெண்டு வருஷமா என்னைக் கையைப் பிடிச்சு நடத்திண்டு போயிருக்கே. நான்தான் நடக்கறேன்னு நினைச்சுண்டிருந்தேன்" என்றார். கீழே கிடந்த வில்லை எடுத்து அவளிடம் நீட்டி, "நீ போ" என்றார்.

பத்து நாள் கழித்து ஷைலஜா போனில் கூப்பிட்டாள். அம்மா மறுநாளே தானாக டாக்டரிடம் போகலாம் என்றாளாம். மறதி நோயின் ஆரம்பம்தான், மருந்து கொடுத்திருக்கிறார்கள், குணப்படுத்த முடியாவிட்டாலும் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு ஷைலஜா தயங்கினாள்.

"விழாவுக்கு மெட்ராஸ்லேர்ந்து வேற ஒருத்தரை ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். தப்பா எடுத்துக்காதேங்கோ."

"இல்ல ஷைலஜா" என்று விஜயம் போனை வைத்தாள். சமையலறைக்குப் போய், ஊறவைத்திருந்த அரிசியைக் கிரைண்டரில் போட்டு ஓடவிட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதாள்.

அந்த வாரம் ஹோட்டலில் யூசுப் தன் எட்டுச் சுற்றை முடித்துத் தலையசைத்தபோது, விஜயம் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றையும் தொடவில்லை. வில் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போனது. எட்டுச் சுற்றில் நிற்க வேண்டியது இருபத்து நாலு போனது. யூசுப் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டான். மகேஷ்குமார் மட்டும் அடியில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் தேநீர் மேசைகளில் யாரும் கைதட்டவில்லை. தட்ட மறந்துவிட்டார்கள் என்றான் யூசுப். நடந்ததையெல்லாம் கேட்டதிலிருந்து அவனுக்குக் குற்ற உணர்ச்சி.

"நான் வாயை வச்சுட்டுச் சும்மா இருந்திருக்கணும் சேச்சி."

"போடா. இப்போ நான் பின்னால போகணும்ன்னா முன்னால ஆளில்ல. அதனால நான் பாட்டுக்குப் போறேன்" என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, நான்கு வருஷமாக வராதது வந்த சந்தோஷத்தை அவளால் அனுபவிக்க முடியவில்லை.

விழா நாளன்று பகவதிப்பெருமாள் தயாராகச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற பிறகும், "போவணுமா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தார். போகாமல் எப்படி? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். சபாவில் பலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கையில் வயலின் பெட்டி இல்லாமல் கைப்பையோடு அவளைப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. மெட்ராஸ்காரர் நல்ல வயலின்காரர், மரியாதை தெரிந்தவர். பார்வதியம்மாளின் வாலைப் பிடித்துக்கொண்டு அழகாக வாசித்தார். முதல் மூன்று உருப்படிகள் சின்னவை, நாற்பது வருஷமாகப் பாடியவை, தப்பித்துப் போயின. நான்காவதாகத் தோடி.

ஆலாபனைக்குச் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. பல்லவி, அனுபல்லவி வந்துவிட்டன. சரணத்தில் பார்வதியம்மாள் நின்றார். தாளம் போடும் கை மட்டும் தொடையில் விழுந்துகொண்டிருந்தது. மெட்ராஸ்காரர் மரியாதையாகக் காத்திருந்தார். ஒரு சுற்று போனது. அவர் புரிந்துகொண்டு வரியை வாசித்துக் கொடுத்தார், ஆனால் பார்வதியம்மாள் கற்றுப் பாடுகிற பாடத்தில் அந்த வரிக்கு மெட்டு வேறு. சொல் வரவில்லை. இரண்டாவது சுற்றும் போனது. மூன்றாவது வரிசையில் விஜயத்தின் இடதுகை விரல்கள் கைப்பையின் பட்டியை அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தன. பகவதிப்பெருமாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பார்வதியம்மாள் கையை உயர்த்தி மிருதங்கத்தை நிறுத்தினார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வரி மறந்துடுத்து" என்றார்.

சபையில் யாரோ அனுதாபமாக உச்சுக் கொட்டினார்கள்.

"உச்சுக் கொட்ட வேண்டாம். இன்னிக்கு மாத்திரம் இல்லை. ரெண்டு வருஷமா மறக்கறது. உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஒருத்திக்குத் தெரியும். அவதான் எனக்கு எடுத்துக் குடுத்துண்டிருந்தா. அதை அவ என் மூஞ்சிக்கு நேரா சொன்னப்போ எனக்குக் கோபம் வந்து, அந்த இடத்தில வேற ஆளை உக்காத்தி வச்சேன். இவர் நன்னா வாசிக்கறார், இவர் மேல குத்தம் இல்லை." மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடினார். "விஜயம், வந்திருக்கேல்லயோ? அடுத்த வரி என்னடி?"

இருபத்தாறு வருஷத்தில் ஒரு கச்சேரியில்கூட விஜயம் வாயைத் திறந்ததில்லை. பக்கவாத்தியத்துக்கு வாய் எதற்கு? எழுந்து நின்றாள். குரல் கட்டைத் தொண்டையாக வந்தது, சுருதியில் ஒட்டியதும் ஒட்டாததுமாக இருந்தது. ஆனாலும் சரணத்தின் முதல் வரியை மெட்டோடு, சொல் சொல்லாகச் சொன்னாள்.

பார்வதியம்மாள் முகம் தெளிந்தது. தாளத்தைத் தட்டி, வரியைப் பிடித்து மேலே கொண்டுபோனார். மிருதங்கம் சேர்ந்துகொண்டது, வயலின் பின்னால் வந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஜயம் மெல்ல நாற்காலியில் சாயப்போனாள்.

பாடிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் நிறுத்தாமல், தாளம் போட்ட கையாலேயே சைகை காட்டிப் பார்வதியம்மாள் அவளை மறுபடி எழுப்பினார். வரி முடிந்த இடைவெளியில் மைக்கிலேயே சொன்னார்.

"உக்காராதே. இன்னும் மூணு வரி இருக்கு."